குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு: கீமோ வேண்டுமா, மூன்று மாதம் போதுமா, ஆறு மாதமா?

"கட்டியைத்தான் முழுசா எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குக் கீமோ?" பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர்கள் வீட்டில் எழும் நியாயமான கேள்வி. ஸ்கேனில் சிக்காத சில செல்கள் உடம்பில் எங்காவது தங்கியிருக்கலாம்; கீமோ அவற்றுக்காகத்தான்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டில் நிணநீர் முடிச்சுகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் அது முதல் அல்லது இரண்டாம் நிலை. பலருக்கு கீமோ இல்லாமல் கண்காணிப்பே போதும். கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தாலோ, குடல் அடைத்தோ ஓட்டையாகியோ இருந்தாலோ, பரிசோதித்த முடிச்சுகள் 12-க்குக் குறைந்தாலோ கணக்கு மாறும். பயத்துக்காக மட்டும் கீமோ எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முடிச்சில் நோய் இருந்தால் மூன்றாம் நிலை. இங்கே கீமோவைத் தவிர்க்க நினைப்பது ஆபத்து. எத்தனை மாதம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

இந்தக் கீமோவில் வழக்கமாகச் சேரும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து நரம்புகளைப் பதம் பார்க்கும். ஏற்றிய சில நாட்களுக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைத் தொட்டாலே விரல் நுனியில் சுரீரென்று இருக்கும். அது அடங்கிவிடும். டோஸ் சேரச் சேர வரும் மரத்துப்போதல்தான் கொடுமை: சட்டைப் பொத்தான் போட வராது, செருப்பு கழன்றது காலுக்குத் தெரியாது. சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிறது.

ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் வெளியான 'ஐடியா' அலசலில் 12,800-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நோய் திரும்பாமல் மூன்று ஆண்டு கடந்தவர்கள் மூன்று மாதச் சிகிச்சையில் 74.6 சதவீதம், ஆறு மாதத்தில் 75.5. ஆனால் ஓரளவு கடுமையான நரம்புப் பாதிப்பு ஆறு மாதத்தில் சுமார் 45 சதவீதம் பேருக்கு; மூன்று மாதத்தில் 15 சதவீத அளவில்தான்.

அதற்காக எல்லோருக்கும் மூன்று மாதம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸும் இடையில் மாத்திரையுமாகத் தரும் கேபாக்ஸ் முறையில்தான் குறுகிய காலம் நன்றாக எடுபட்டது. பம்ப் மாட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரும் ஃபோல்ஃபாக்ஸில் ஆறு மாதமே மேல். ஒன்று முதல் மூன்று முடிச்சுகளில் மட்டும் நோய், கட்டியும் குடல் சுவரைத் தாண்டவில்லை என்றால் மூன்று மாத கேபாக்ஸைத் தயங்காமல் கேட்கலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளுக்குப் போயிருந்தால் ஆறு மாதத்தின் பக்கம் சாய்வேன். மரத்துப்போதல் தொடங்கினால் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற மருந்தைத் தொடரவும் வழி உண்டு. அதனால் விரல் மரத்தால் அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.