பன்னிரண்டு சனிக்கிழமைகள்: சுங்கை சிப்புட்டில் ஒரு நுண்கலைப் புகைப்பட வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு மளிகைக்கடையின் மாடியில் நடைபெறும் நுண்கலைப் புகைப்படப் பயிற்சியில் சேர்ந்து பன்னிரண்டு சனிக்கிழமைகள் படித்து முடித்திருக்கிறேன். குறைகளையும் எழுதப்போவதால் வகுப்பின் பெயரைச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு எந்த மாடிப்படி என்பது விளங்கிவிடும். கட்டணம் 1,800 ரிங்கிட். மூன்று தவணைகளில் கட்டலாம். அச்சுத்தாளுக்கும் படத்தை மாட்டும் சட்டத்துக்கும் தனியாக ஏறத்தாழ 350 ரிங்கிட் ஆகும் என்பதைச் சேரும் நாளில் யாரும் சொல்லவில்லை.

நான் பதினெட்டு ஆண்டுகளாகத் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று படமெடுத்துப் பிழைப்பவன். இத்துறையில் முறையாகப் படிக்க எங்களைப் போன்றவர்களுக்கு வழிகள் குறைவு. ஷா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலைக்குப் பட்டப்படிப்பு உண்டு என்றாலும் அது பூமிபுத்ரா எனப்படும் மலாய், பூர்வகுடி மாணவர்களுக்கானது. தனியார் கல்லூரிகளின் கட்டணமோ தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே ஈப்போவுக்கு வடக்கே இப்படி ஒரு சிற்றூரில், அதுவும் தமிழில் விளக்கிச் சொல்லும் ஆசிரியரிடம், இந்தப் பாடம் கிடைப்பதே பெரிய காரியம்.

வகுப்பின் உயிர் அச்சில் இருக்கிறது. கணினித்திரையில் இருப்பது படமன்று, தாளில் நிற்பதே படம் என்று ஆசிரியர் முதல் நாளிலேயே சொன்னார்; அடுத்த நான்கு வாரங்களை அதற்கே செலவிட்டார். திரையின் வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்துக்கொண்டு திருத்துவதால்தான் அச்சு இருண்டு வருகிறது என்பதை, ஒரே படத்தை இருவகையாக அச்சிட்டு அருகருகே வைத்துக் காட்டினார். 24 மெகாபிக்சல் கேமராவின் கோப்பு 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 20 அங்குல அகலம் வரை துல்லியம் குறையாமல் அச்சிடலாம் என்ற கணக்கை நாங்களே போட்டுப் பார்த்தோம். முழுப் பருத்தியால் ஆன, சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள தாளைத் தொட்டுப் பார்த்த பிறகு, திருமண ஆல்பத்தின் வழுவழுப்புத் தாள் எனக்குக் கொஞ்சம் கூச்சத்தைத் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சட்டமிடும் பாடம் அதைவிடச் சிறந்தது. நம் வீடுகளில் தாத்தாவின் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் கிழியும் நிலையில் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்போம். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெளி இல்லாததும் நம் நாட்டு ஈரப்பதமும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. அமிலமற்ற அட்டையில் சாளரம் வெட்டிப் படத்தின் மேல் வைத்தால் அந்த வெளி கிடைக்கிறது, தாளும் மஞ்சளாவதில்லை. அட்டையின் உள்விளிம்பைச் சாய்வாக வெட்டப் பழகுவதற்குள் ஏழெட்டு அட்டைகளை நான் வீணாக்கினேன்.

களப்பயிற்சி ஒரு தோட்டத்தில் நடந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு ஆளில்லாமல் நிற்கும் பழைய லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே கதவை நான்கு வாரம் படமெடுக்கச் சொன்னார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த, முழுக் கருமையிலிருந்து முழு வெண்மை வரையிலான பதினொரு படிகளில், சுண்ணாம்புச் சுவர் எந்தப் படியில் விழ வேண்டும், கதவுக்குப் பின்னுள்ள இருட்டு எந்தப் படியில் விழ வேண்டும் என்பதைக் கருவியைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நிழலைக் கண்டவுடன் அதை வெளுக்கச் செய்தே பழகிய கை என்னுடையது. மாப்பிள்ளையின் முகத்துக்கு அது பொருந்தும், லயத்துக் கதவுக்குப் பொருந்தாது என்பது மூன்றாவது வாரத்தில்தான் புரிந்தது. முடிதிருத்தும் கடைகளையும் மிதிவண்டி இருக்கைகளையும் எடுத்து, கறுப்பு வெள்ளை அச்சின் மேல் கையால் வண்ணமிட்ட பினாங்குக் கலைஞர் இஸ்மாயில் ஹாஷிமின் படங்களை அப்போதுதான் ஆசிரியர் காட்டினார். சரியான நேரத்தில் காட்டினார்.

இனி, குறைகள். ஓவியங்களைக் கண்காட்சிப் பட்டியலுக்காகப் படமெடுப்பதே இத்துறையில் மாதாமாதம் கூலி தரக்கூடிய வேலை. இரண்டு விளக்குகளை 45 பாகையில் வைத்து, அவற்றின் மேல் ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் துருவமாக்கும் (polarizing) தாளைப் போர்த்தி, கேமரா வில்லையின் முன்னுள்ள அதே வகை வடிகட்டியைத் திருப்பினால் எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு மறைந்து நிறம் மட்டும் எஞ்சும். இவ்வளவு பயனுள்ள பாடத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான். கோலாலம்பூரில் உள்ள, 1958இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன பயணமும் நடக்கவில்லை. நானாகவே போய்ப் பார்த்து வந்தேன்.

தொழில் வாழ்க்கை பற்றி வகுப்பு சொன்னது மிகவும் மெலிந்தது. ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கி எடுத்த ரைன் நதிப் படம் 2011இல் 43 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதைக் காட்டுவது, நாலு நம்பர் லாட்டரி அடித்தவனைக் காட்டி ஆசையூட்டுவதற்கு ஒப்பாகும். விற்கும் தொகையில் பாதிவரை கலைக்கூடம் எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதையும், ஒரு படத்தை இத்தனை பிரதிகளோடு நிறுத்தி எண்ணிட வேண்டும் என்பதையும் சொன்னார்கள். ஆனால் விலை வைப்பது எப்படி என்பது கடைசி நாளின் கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடிந்துபோனது.

அதன் விளைவை நிறைவுநாள் கண்காட்சியில் நானே அனுபவித்தேன். அந்தத் தோட்டத்தில் முன்பு ரப்பர் பால்வெட்டிய முதியவர் ஒருவர் என் கதவுப் படத்தின் முன் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, "இது எங்க வீட்டுக் கதவு தம்பி, என்ன விலை?" என்று கேட்டார். கீழ் ஓரத்தில், எட்டுப் பிரதிகளில் இரண்டாவது என்பதைக் காட்ட, 2/8 என்று பென்சிலால் எழுதத் தெரிந்த எனக்கு விலை சொல்லத் தெரியவில்லை. தாளுக்கும் சட்டத்துக்கும் ஆன 140 ரிங்கிட்டை மட்டும் சொன்னேன். அவர் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

அடுத்த பிரிவு தீபாவளிக்குப் பிறகு தொடங்குகிறது. ஏற்கெனவே கேமராவால் பிழைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். வேலையை விட்டுவிட்டுச் சேர நினைப்பவர்கள் சேர வேண்டாம். யாராக இருந்தாலும் முதல் தவணையைக் கட்டும்போதே, விலை வைக்கும் பாடத்துக்கு ஒரு முழுச் சனிக்கிழமை வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.