தடித்த கையேடா, மடித்த தாளா, ஆப் குறிப்பா?

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் திட்டங்களில் வினாத்தாளுக்கு மாதக்கணக்கில் உழைப்பார்கள். களப்பணியாளருக்கான விளக்க ஆவணத்தைக் கடைசி வாரத்தில் அவசரமாக எழுதுவார்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வேலை செய்யப்போகும் குழுவுக்கு அதில் மூன்று வழிகள் உண்டு: அச்சடித்த முழுக் கையேடு, சட்டைப்பையில் அடங்கும் மடிப்புத் தாள், டேப்லெட்டில் கேள்விக்குக் கீழே தெரியும் குறிப்பு.

‘குடும்பம்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் பெரிய கணக்கெடுப்புகள் பொதுச் சமையலை வைத்துத்தான் அதை வரையறுக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைத்தால் இரண்டு குடும்பம். சரி, தம்பி வீட்டார் இரவுச் சாப்பாட்டை மட்டும் அம்மாவிடம் சாப்பிட்டால்? சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் மகனைச் சேர்ப்பதா? இதையெல்லாம் விளக்கக் கையேட்டில்தான் இடம் இருக்கிறது. ஆனால் வாசலில் நின்றுகொண்டு யாரும் எழுபதாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

ஆப் குறிப்பு அந்தக் குறையைத் தீர்க்கும். கணக்கெடுப்புக்குப் பலரும் பயன்படுத்தும் ஓடிகே, கோபோ ஆகிய இரண்டு ஆப்களிலும் படிவத்தை எக்செல்லில் எழுதும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் குறிப்பு சேர்க்கலாம். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் அது திரையில் வரும். இரண்டு வரிக்கு மேல் போனால் மட்டும் யாரும் படிப்பதில்லை.

மடிப்புத் தாளைப் பலரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய துணை. நில அளவைப் பாருங்கள். ஒரு காணி 1.32 ஏக்கர், ஒரு மா 33 செண்ட். இரண்டையுமே 100 குழியாகப் பிரித்துத்தான் கணக்குச் சொல்வார்கள். அதனால் “50 குழி இருக்கு” என்று ஒருவர் சொன்னால், காணிக் கணக்கில் 66 செண்ட், மா கணக்கில் பதினாறரை செண்ட். எந்தக் கணக்கு என்று கேட்காமல் எழுதினால் நாலு மடங்கு பிசகும். வயதும் அப்படித்தான். பிள்ளை பிறந்த வருடம் தெரியாதவரிடம் “தானே புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் பதில் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே, 2015 வெள்ளம், புதுச்சேரி முதியவர்களுக்கு 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்கு நடந்த ஆட்சி மாற்றம் என்று ஒரு பட்டியலும் அளவு அட்டவணையும் இருந்தால், தாளை விரித்து இருவரும் சேர்ந்தே பார்க்கலாம்.

மூன்றுக்கும் நேரமில்லை என்றால் ஆப் குறிப்பைக் குறைத்துக்கொள்வேன். சிக்கலான நாலைந்து கேள்விகளுக்குப் போதும். கையேட்டை விடவே கூடாது. அடுத்த வருடம் தரவைத் திறக்கிற ஆய்வாளருக்குச் சிங்கப்பூர் மகன் கணக்கில் இருக்கிறாரா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். அப்புறம், களத்தில் எழும் சந்தேகங்களுக்கு மேற்பார்வையாளர் வாட்ஸ்அப் குழுவில் சொல்லும் முடிவுகளையும் அன்று மாலையே தேதி போட்டுக் கையேட்டில் ஏற்றிவிட வேண்டும்.