கிரியாட்டினினா, யூரின் ஏசிஆரா?

"கிரியாட்டினின் நார்மல்தான், கிட்னிக்கு ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அம்மாவுக்கு 60 வயது, சர்க்கரை வந்து 12 வருடம். லேப் தாளில் கிரியாட்டினின், அதாவது கிட்னி ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.2, பக்கத்திலேயே வரம்பு 0.6 - 1.2. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, அப்புறம் யார் கவலைப்படுவார்கள்? ஆனால் அதே 1.2ஐ வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கும், 2021இல் வந்த சிகேடி-எபி கணக்கில் போட்டால், 25 வயதுப் பையனுக்கு ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், 86 வருகிறது, 60 வயதுப் பெண்ணுக்கு 52தான். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது என்பதால் தசை குறைந்த ஒல்லியானவர்களிடமும் வயதானவர்களிடமும் கோளாறை மறைத்துவிடும். முந்தின ராத்திரி மட்டனை ஒரு கை பார்த்திருந்தால் கொஞ்சம் ஏறியும் காட்டும்.

ஏசிஆர் (அல்புமின்-கிரியாட்டினின் விகிதம்) என்பது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. காலையில் போகும் முதல் சிறுநீர், ஒரு சின்ன டப்பா, அவ்வளவுதான். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே நிம்மதி, 300ஐத் தாண்டினால் கசிவு பலமாகவே இருக்கிறது. சர்க்கரைக்காரர்களிடம் பெரும்பாலும் கிரியாட்டினின் ஏறுவதற்குச் சில வருடம் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். தொல்லை என்னவென்றால் காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், மாதவிடாய், கடும் உடற்பயிற்சி எதுவும் இதை ஏற்றிவிடும், அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதறக்கூடாது, மூன்றில் இரண்டு தடவையாவது கூடுதலாக வரவேண்டும். வழக்கமான யூரின் ரொட்டீன் இதற்கு ஈடாகாது, சொற்பக் கசிவுக்கு அதில் 'நில்' (Nil), அதாவது இல்லை என்றே வரும்.

இரண்டையும் எடுப்பதுதான் முறை. ஒன்றுக்குத்தான் காசு என்றால், சர்க்கரைக்காரர்களுக்கு என் ஓட்டு ஏசிஆருக்கு. காரணம், முன்னாலேயே தெரிந்தால் செய்வதற்கு இன்று மருந்து இருக்கிறது. 2020இல் வெளிவந்த டாபா-சிகேடி ஆய்வில் 4304 பேர், எல்லோருக்கும் ஏசிஆர் 200க்கு மேல், சர்க்கரை இல்லாதவர்களும் அதில் உண்டு. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை எடுத்தவர்களிடம் கிட்னி பாதிக்கு மேல் சரிவது, செயலிழப்பது, கிட்னி அல்லது இதயக் கோளாறால் இறப்பது எல்லாம் சேர்த்து 39% குறைவு.

ஆனால் இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அனுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடம் ஏசிஆர் தோற்றுவிடும். அங்கே காரணம் இன்னும் பிடிபடாத ஒரு சிறுநீரக நோய் இருக்கிறது, அது கிட்னியின் வடிகட்டிகளை விட நுண்குழாய்களைத்தான் முதலில் தாக்குகிறது, ஆரம்பத்தில் அல்புமின் அதிகம் கசிவதில்லை. அங்கே கிரியாட்டினின்தான் துணை.

அம்மாவுக்கு ஏசிஆர் 140, மறுபடி எடுத்தபோது 152. மாத்திரை எழுதும் முன் டாக்டர் கேட்டது வீட்டில் என்ன உப்பு என்று. நல்லது என்று நம்பி நாங்கள் வாங்கிய 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதாம், கிட்னி தளர்ந்தவருக்கு, அதுவும் பிரஷருக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறவருக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிவிடலாம். இப்போது சாதா உப்புதான், பாதி அளவு. அப்பளமும் ஊறுகாயும் நின்றதில் அப்பாவுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.