மையமா, நடுப்பகுதியா, விளிம்பா? புது ஊரில் எங்கே குடியேறுவது

நடுத்தர நகரம் ஒன்றுக்குக் குடிபெயரப் போகிறோம் என்றதுமே அந்த ஊர்க்காரர்கள் தவறாமல் சொல்வது இது: “இங்கே எங்கிருந்து எங்கே போனாலும் இருபது நிமிடம்தான்.” அதை நம்பித்தான் ஊரின் விளிம்பில் வீடு எடுத்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. சொந்த வண்டியில், சாலை காலியாக இருக்கும் நேரத்தில், இருபது நிமிடம்தான். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று பேர். வண்டி ஓட்டுவது நான் மட்டும். அம்மா கண் மருத்துவரைப் பார்த்துவருவது அரை நாள் வேலையாகிவிட்டது. மகளால் மாலை வகுப்பு எதிலும் சேர முடியவில்லை. ஓராண்டு முடிவதற்குள் மறுபடியும் மூட்டை கட்டினோம்.

அதனால் இந்த ஒப்பீட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: வீட்டில் வண்டி ஓட்டாதவருக்கு அந்தப் பகுதி எப்படி இருக்கும்? வேலை கிடைத்து வருகிறவர்தான் பெரும்பாலும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். பகல் முழுவதும் அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் மற்றவர்கள்.

நடுத்தர நகரத்தின் தனிச் சிக்கல்

பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளை நடுத்தர வகையில் சேர்க்கிறது. சிற்றூரில் எந்தத் தெருவில் வாழ்ந்தாலும் நடந்தே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். பெருநகரத்தில் விளிம்புக்கும் தனியாக ஒரு மருத்துவமனை, ஒரு கடைவீதி, ஒரு ரயில் நிலையம் முளைத்துவிடும். நடுத்தர நகரம் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. நடந்து போக முடியாத அளவுக்குப் பரந்திருக்கும். விளிம்பில் இன்னொரு மையம் உருவாகும் அளவுக்குப் பெரிதாக இருக்காது. சிறப்பு மருத்துவர், அரசு அலுவலகம், நூலகம், நல்ல கல்லூரி எல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கும்.

பஸ் வழித்தடங்களும் அப்படித்தான், சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மையத்திலிருந்து புறப்படும். பக்கத்துப் புறநகருக்குப் போக வேண்டுமானாலும் முதலில் மையத்துக்கு வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். அரை மணிக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர் சராசரியாகக் கால் மணி நேரம் காத்திருப்பார். இரண்டு பஸ் ஏற வேண்டுமென்றால் காத்திருப்பு மட்டுமே அரை மணி நேரம். ஊர்க்காரர் சொன்ன இருபது நிமிடத்தில் இந்தக் கணக்கு இல்லை.

விளிம்பு: இடம் தாராளம், நேரம் பற்றாக்குறை

முதலில் விளிம்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களை அதிகம் ஈர்ப்பது அதுதான். அதே வாடகைக்கு இன்னொரு அறை கிடைக்கும். வெளிச்சமும் காற்றும் இருக்கும், வண்டி நிறுத்த இடமிருக்கும், குழாய்களும் மின்கம்பிகளும் புதியவை. இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஒரு குழந்தைக்குத் தனக்கென்று ஒரு அறை கிடைப்பது பெரிய காரியம்.

ஆனால் விளிம்பில் வாடகை ஏன் குறைவு? நகரப் பொருளியலில் வில்லியம் அலோன்சோ 1964-இல் வகுத்த விளக்கம் இன்றும் பாடத்தில் இருக்கிறது: மையத்தை விட்டு விலக விலகப் போக்குவரத்துச் செலவு ஏறும், அதற்கு ஈடாக நிலத்துக்குக் கொடுக்க மனிதர்கள் தயாராக இருக்கும் தொகை இறங்கும். அதாவது வாடகையில் மிச்சமாவதை வழியில் கட்டுகிறோம். கோட்பாட்டின்படி இரண்டும் சரிக்குச் சரியாகிவிட வேண்டும். புருனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தொடர் கணக்கெடுப்புகளை வைத்து இதைச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சரியாகவில்லை. வேலைக்குப் போய்வர அதிக நேரம் செலவிடுகிறவர்கள், கைக்கு வந்த மற்ற ஆதாயங்களுக்குப் பிறகும், தங்கள் வாழ்க்கையில் குறைந்த திருப்தியையே தெரிவித்தார்கள். வீடு பார்க்கும்போது கூடுதல் அறை கண்ணுக்குத் தெரிகிறது. நாளைக்கு இருமுறை சாலையில் கழியப்போகும் நேரம் தெரிவதில்லை. அதனால்தான் கணக்குத் தவறிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து வேலைக்கு 15 நிமிடம், இன்னொன்றிலிருந்து 40 நிமிடம். ஒரு நாளைக்கு 50 நிமிட வித்தியாசம். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்றால் 200 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் 25 நாட்கள். அந்தக் கூடுதல் அறைக்கு இதையும் சேர்த்துத்தான் விலை.

நேரத்தைத் தவிர வேறு சிலவும் உண்டு. புதுக் குடியிருப்பில் தெருவிளக்கு, வடிகால், நடைபாதை எல்லாம் வீடுகளுக்குப் பின்னால்தான் வந்து சேரும். “அடுத்த ஆண்டு சாலை போட்டுவிடுவார்கள்” என்பதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். இன்றைக்கு இருப்பதை வைத்து முடிவெடுங்கள். பக்கத்து மனைகள் காலியாக இருந்தால் அமைதி என்று பொருளல்ல, வரும் ஆண்டுகளில் கட்டட வேலையின் தூசும் இரைச்சலும் அங்கிருந்துதான் வரும்.

தண்ணீர் இன்னும் முக்கியம். நகரம் பெரும்பாலும் முதலில் மேட்டில்தான் எழும்புகிறது. கடைசியில் மிஞ்சும் நிலம் பல ஊர்களில் பள்ளம்தான். பகுதியின் பெயரிலேயே குளம், பள்ளம், சதுப்பு என்று பொருள்படும் சொல் இருந்தால் நின்று விசாரியுங்கள். “நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்ற தொடரும் ஆறுதல் தரக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு அங்கே வாழ்ந்தால் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு, ஏறக்குறைய நான்கில் ஒன்று.

ஒன்றில் மட்டும் விளிம்பு மற்ற இரண்டையும் வெல்கிறது. அங்கே எல்லோருமே புதியவர்கள். எங்கள் ஓராண்டில் நல்ல நட்புகள் அங்கேதான் அமைந்தன, இன்றும் தொடர்கின்றன. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடும்பங்கள் புதிதாகக் குடியேறிய குடியிருப்பில் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வு, யார் யாருக்கு நண்பராகிறார் என்பதை வாசலுக்கு வாசல் உள்ள தூரமே பெரிதும் தீர்மானித்தது என்று காட்டியது. எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து இறங்கும் இடத்தில் இது இன்னும் வலுவாக நடக்கிறது.

மையம்: எல்லாம் கைக்கெட்டும், இரவு மட்டும் எட்டாது

வண்டி ஓட்டாதவருக்கு மையத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. முதியவர் தானே போய் மருந்து வாங்கிவருவார். பதின்ம வயதுப் பிள்ளை யாரையும் எதிர்பார்க்காமல் நூலகத்துக்குப் போகும். எந்தப் பஸ்ஸும் அங்கே வந்துதான் தீரும். யாருடைய தயவும் இல்லாமல் வெளியே போய்வர முடிவது ஒருவருடைய முகத்தையே மாற்றிவிடும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மையத்தின் உண்மையான குறை இரைச்சல். சிறிய அறைகளுக்கும் பழைய குழாய்களுக்கும் மனிதர் பழகிக்கொள்வார். கெட்ட தூக்கத்துக்குப் பழக முடியாது. உலக சுகாதார அமைப்பு 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டல், சாலை இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. முதன்மைச் சாலையைப் பார்த்த படுக்கையறையில் இது நடக்காத காரியம். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: சாலையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் போதும் என்று நினைக்கிறார்கள். தொடர்ந்து வண்டிகள் ஓடும் சாலையின் ஒலி, தூரம் இருமடங்கானாலும் ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறைகிறது. காது அதை ஒரு மாற்றமாக உணர்வதே அரிது. இடையில் நிற்கும் கட்டட வரிசை மறைப்பதோ அதைவிடப் பல மடங்கு. ஆகவே மையத்தில் வீடு பார்ப்பவர் தூரத்தை அளக்க வேண்டாம். படுக்கையறை பின்பக்கம் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மையத்தைப் பற்றிய பாதிப் புகார் அடிபட்டுப் போகும்.

கோடையில் கல்லும் தாரும் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடுவிப்பதால் மையம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவே இருக்கும். மேல்தளம் எடுக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடுப்பகுதி: விளம்பரத்தில் வராத இடம்

மையத்தைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், சில தலைமுறைகளுக்கு முன் உருவான குடியிருப்புப் பகுதிகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கும். மரங்கள் வளர்ந்துவிட்டன. வடிகால் எப்படி வேலை செய்கிறது என்பது பல மழைக்காலங்களில் தெரிந்துவிட்டது. ஆரக்கால் வழித்தடங்கள் மையத்தை நெருங்க நெருங்க ஒன்றுசேர்வதால், விளிம்பில் அரை மணிக்கு ஒன்றாக வரும் பஸ் இங்கே பத்து நிமிடத்துக்கு ஒன்றாகிவிடும். அதையும் தவறவிட்டால் நடந்தே போய்விடலாம்.

என் தீர்ப்பு இந்தப் பக்கம்தான். ஆனால் நடுப்பகுதி எல்லாம் ஒன்றுபோல இல்லை; இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது பகுதியைக்கூட அல்ல, தெருவை. நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஆராய்ந்து 1972-இல் வெளியிட்ட மூன்று தெருக்களின் கதை இதற்கு நல்ல சான்று. மூன்றும் மற்ற வகைகளில் ஒத்தவை. ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு. நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குத் தன் தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள். சுமார் 16,000 வண்டிகள் போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. போக்குவரத்து மிகுந்த தெருவில் மனிதர்கள் முன்வாசலைக் கைவிட்டு வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டார்கள். நடுப்பகுதியில் இந்த இருவகைத் தெருக்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், வாடகையில் பெரிய வேறுபாடு இல்லாமல். குறுக்குவழியாக வண்டிகள் புகும் தெரு எது என்பதைக் காலை நெரிசல் நேரத்தில் போய் நின்றால்தான் அறியலாம்.

குறைகளும் சொல்லவேண்டும். வீடுகள் பழையவை, ஈரச்சுவர், பழைய மின்கம்பிகள், செங்குத்தான படிகள். குடியிருப்பவர்கள் நெடுங்காலமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள், புதியவரைச் சேர்த்துக்கொள்ள நாளாகும். முதல் சில மாதங்கள் தனிமையாகவே இருக்கும். எல்லாவற்றையும்விட, காலி வீடு கண்ணில் படுவது அரிது. அந்த வீடுகள் வாய்மொழியிலேயே கைமாறிவிடுகின்றன. பிடித்த தெருவை முதலில் முடிவுசெய்து, அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் சொல்லிவைப்பதுதான் வழி. வெளியூரிலிருந்து தேடுகிறவருக்குப் புறநகர் வீடுகளே வரிசையாகக் கண்ணில் படுவதன் காரணமும் இதுதான்.

யாருக்கு எது

வீட்டில் எல்லோரும் வண்டி ஓட்டுகிறார்கள், வேலையும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே என்றால் விளிம்பு நல்ல தேர்வு. மேலே நான் அடுக்கிய குறைகளில் பல அவர்களைத் தொடாது. வேலையிடமே விளிம்பில் இருந்தாலும் அப்படித்தான், ஆனால் அந்த வேலை எத்தனை காலம் நிலைக்கும் என்று யோசிக்க வேண்டும். இரவுப் பணிக்குப் போகிறவர் பகலில் தூங்குபவர். அவருக்கு மையம் கூடவே கூடாது. முதியவரோ பார்வை குறைந்தவரோ வீட்டில் இருந்தால், தரைத்தளத்தில் பின்பக்க அறை கிடைக்கும்வரை மையத்திலேயே தேடுங்கள். பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி. பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். பள்ளியின் பெயரைவிட அது முக்கியம்.

சந்தேகம் இருந்தால் முதல் ஆண்டு சிறிய வீடாக மையத்தின் அருகே வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து மற்ற பகுதிகளைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. மாறாகச் செய்தால் ஊரைத் தெரிந்துகொள்ளவே நேரம் கிடைக்காது. வார நாளில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை என்று போய்ப் பாருங்கள். சுவர்களின் அடியில் நீர் நின்ற தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வீட்டைக் காட்டுகிறவரிடம் கேட்க வேண்டாம், அங்கே நடந்து போகிறவர்களிடம் கேளுங்கள்.

இரண்டாம் முறை வீடு தேடியபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் பார்க்கப் போன பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நிறுத்தத்தில் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அம்மா, “எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். நாற்பது நிமிடமாகிறது என்றார் அந்தப் பெண். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டைப் பார்க்காமலேயே, அதே நிறுத்தத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம்.