ரிசீவர் பட்டையுடன் சேர்த்து விற்கப்படும் வயர்லெஸ் சார்ஜரை வாங்கும் முன்

அம்மாவின் கைப்பேசியில் சார்ஜர் செருகும் துளை தளர்ந்துவிட்டது. தினமும் செருகிப் பிடுங்குவதைத் தவிர்க்கலாம் என்றெண்ணி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வயர்லெஸ் சார்ஜர் தட்டையும், கைப்பேசியின் பின்புறம் ஒட்டி அதன் முனையைத் துளையிலேயே செருகி விட்டுவிடும் ரிசீவர் பட்டையையும் சேர்த்து 850 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டிலும் வயர்லெஸ் சார்ஜிங்குக்கான பொதுத் தரமான ‘க்யூஐ’ (Qi) முத்திரை இருந்தது. சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது என்று அம்மா சொன்னபோது நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது வாரத்தில் பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பிவிட்டது. இரவு முழுவதும் அவர் தலைமாட்டில் இருந்த கைப்பேசி அது.

பிறகுதான் சோதித்தேன். பட்டையின் முனையில் யூ.எஸ்.பி மீட்டரைப் பொருத்தினால், தட்டின் நடுவில் 7.6 வோல்ட்டும், ஒரு விரற்கடை நகர்த்தினால் 4.2 வோல்ட்டும் காட்டியது. அங்கே வந்திருக்க வேண்டியது 5 வோல்ட்.

தட்டில் ஒன்றும் ரிசீவரில் ஒன்றுமாக இருக்கும் இரு கம்பிச் சுருள்களுக்கு இடையிலான தூரமோ, அவை நேராக அமைவதோ மாறினால் ரிசீவரில் தூண்டப்படும் மின்னழுத்தமும் மாறும். பேட்டரி நிரம்பும் தறுவாயில் அது இழுக்கும் மின்னோட்டம் குறைவதால், கட்டுப்பாடு இல்லையென்றால் மின்னழுத்தம் இன்னும் ஏறும். இதனால்தான் க்யூஐ முறையில் ரிசீவர் தன் தேவையைச் சிறு சிறு தகவல்களாகத் தட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது; தட்டு தன் அதிர்வெண்ணையோ மின்னழுத்தத்தையோ மாற்றி ஆற்றலைக் கூட்டுகிறது, குறைக்கிறது; அதன் பின்னும் எஞ்சும் ஏற்ற இறக்கத்தை ரிசீவரில் உள்ள ரெகுலேட்டர் சமன் செய்கிறது.

நான் பிரித்துப் பார்த்த பட்டையில் நான்கு டயோடுகளும் ஒரு கெபாசிட்டரும் மட்டுமே இருந்தன. ரெகுலேட்டர் ஐசி இல்லை. சுருளின் காந்தப்புலம் பேட்டரியைச் சூடாக்காமல் தடுக்கும் ஃபெரைட் தகடும் இல்லை. தட்டும் போலிதான். அண்ணன் மகளின் க்யூஐ கைப்பேசி அதில் சார்ஜ் ஆகவே இல்லை. ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தபோது சில நிமிடங்களில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. முறையான தட்டு, ரிசீவரிடமிருந்து பதில் வராத வரை ஆற்றலைத் தொடர்ந்து அனுப்பாது.

கடைக்காரரோ, “பேட்டரி பழசு சார், சார்ஜர்ல ஒண்ணும் இல்ல” என்று மீட்டரைப் பார்க்கவே மறுத்தார். என்னிடம் இருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு மட்டுமே. முறையான பில் கேட்டு வாங்காதது என் பிழை. இருந்தும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

இத்தகைய பட்டையை ஒட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ மீண்டும் சார்ஜ் போடவோ வேண்டாம். கைப்பேசியை அணைத்து, சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.