புதிய நாப், பழைய பிடி: எந்த வழி குறைவாக உடைக்கும்?

ப்யூர் டேட்டா (சுருக்கமாகப் 'பிடி') என்பது பெட்டிகளைக் கேபிள்களால் இணைத்து ஒலி நிரல் செய்யும் மென்பொருள். அப்படிச் செய்த நிரலுக்குப் பேட்ச் என்று பெயர். அதில் திரையில் திருகும் நாப் (குமிழ்) ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைவது பெரிய வேலை இல்லை. அந்த நாப் உள்ள பேட்சை, நாப் என்றால் என்னவென்றே தெரியாத பழைய பிடி திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் தலைவலி. பழைய பேட்ச் புதிய பதிப்பில் ஓட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மில்லர் பக்கெட் 1990களில் தொடங்கிய இந்த மென்பொருளின் பெருமையே அதுதான். ஆனால் பேட்சுகள் எதிர்த்திசையிலும் பயணம் செய்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் அப்டேட் செய்வதில்லை.

முதலில் கோப்பைப் பார்த்துவிடலாம். பிடி கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. பெட்டிக்கு ஒரு வரி. எந்தப் பெட்டிக்கும் அடையாள எண் எழுதப்படுவதில்லை. கேபிள்களுக்கான வரிகளில் 'கனெக்ட் 3 0 5 1' என்ற மாதிரி இருக்கும்: 3ஆம் பெட்டியின் 0ஆம் வெளிவாயிலிருந்து 5ஆம் பெட்டியின் 1ஆம் உள்வாய்க்கு. அந்த 3, 5 எல்லாம் கோப்பில் பெட்டிகள் வந்த வரிசை, அதுவும் பூஜ்யத்திலிருந்து. இது மனதில் இருந்தால் மீதி எல்லாம் எளிது.

கோப்புக்கே ஒரு புதிய வரி வகையைக் கொடுப்பது ஒரு வழி. 0.52 பதிப்பில் வந்த லிஸ்ட்பாக்ஸ் (பட்டியலைக் காட்டும் பெட்டி) இப்படித்தான் வந்தது. எண்பெட்டிக்கும் சிம்பல் (சொல்) பெட்டிக்கும் ஏற்கெனவே தனி வரி வகைகள் இருந்தன. உள்ளே மூன்றும் ஒரே நிரல்துண்டு என்பதால் இதுவும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டது. நிரல் எழுதுபவர் பக்கமிருந்து பார்த்தால் நியாயம்தான். பழைய பிடி என்ன செய்யும்? 'இப்படி ஒரு மெதட் (கட்டளை) இல்லை' என்று கன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பெட்டி உருவாகாது. வரிசையில் ஒருவர் கழன்றுகொண்டால் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் ஓர் இடம் முன்னால் வருவது போல, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் ஒன்று குறைந்துவிடும். கனெக்ட் வரிகளுக்கு இது தெரியாது. சில கேபிள்கள் பொருந்தாமல் பிழை காட்டும். சில சத்தமில்லாமல் தவறான பெட்டியில் போய்ச் சேரும். அதிர்வெண்ணுக்குப் போக வேண்டிய 440, ஒலி அளவைப் பெருக்கும் பெட்டிக்குப் போனால்? ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழி, சாதாரண ஆப்ஜெக்ட் வரியிலேயே புதிய பெயரைக் கொண்டுவருவது. பட்டன், டாகிள், ஸ்லைடர் போன்றவை, அதாவது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலுள்ள ஐஇஎம் என்ற மின்னணு இசை நிறுவனத்தில் உருவான திரைப் பொருள்கள், இப்படித்தான் சேமிக்கப்படுகின்றன. பழைய பிடிக்குப் பெயர் புரியாவிட்டாலும் வரி வகை புரியும். விட்டுவிட்டு வரைந்த கோட்டு ஓரத்துடன் ஒரு செத்த பெட்டியை வைக்கும், எழுத்தை அப்படியே வைத்திருக்கும். எண்ணிக்கை தப்பாது. இன்னும் அழகு என்னவென்றால், கோப்பில் அந்தப் பெட்டிக்குக் கேபிள் இருந்தால், தேவையான அளவு போலி வாய்களை உண்டாக்கி அந்தக் கேபிளையும் காப்பாற்றும். பழைய பிடியிலேயே சேமித்துவிட்டு மறுபடி புதியதில் திறந்தாலும் நாப் உயிரோடு வரும்.

என்னைக் கேட்டால் உண்மையான தேர்வு இந்தச் 'சேமித்த பின்' கட்டம்தான். திறக்கும்போது பிழை வந்தால் வரட்டும். சேமித்ததும் தகவல் அழியக் கூடாது.

அந்தத் தேர்வில் மோசமாகத் தோற்பது மூன்றாவது வழி: புதிய பெயரே வேண்டாம், இருக்கிற ஸ்லைடருக்கு 'வட்டமாக வரை' என்று கடைசியில் ஓர் எண்ணைச் சேர்ப்போம் என்பது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இந்த ஐஇஎம் பொருள்கள் தங்கள் வாதங்களை, அதாவது வரியில் பெயருக்குப் பின்னால் வரும் மதிப்புகளை, எண்ணிப் பார்ப்பவை. டாகிள் 13 அல்லது 14 வாதங்கள் இருந்தால்தான் அவற்றை ஏற்கும். 15 வந்தால் பிழையும் காட்டாது; அளவு, லேபிள், நிறம், அனுப்பும் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயல்பு வடிவில் ஒரு டாகிளை வைக்கும். பார்ப்பதற்கு நன்றாக வேலை செய்வது போல இருக்கும். சேமித்தால் பழைய மதிப்புகள் போயே போய்விட்டன. (இந்த இட ஒழுங்குக் கெடுபிடியால்தான் லேபிள் இல்லாத இடத்தைக் காலியாக விட முடியாமல் 'எம்ப்டி' என்ற சொல்லையே எழுதி வைக்கிறார்கள்.) எண்பெட்டி இவ்வளவு கறார் இல்லை. கடைசியில் சேர்ந்த எழுத்தளவு போன்ற கூடுதல் வாதத்தைப் பழைய பதிப்பு கண்டுகொள்ளாது. சேமித்தால் அது மட்டும் போகும். ஆக இந்த வழி, பொறுமையான பொருள்களுக்கு மட்டும்.

கடைசி வழி, பிடியின் மைய நிரலைத் தொடாமல் எக்ஸ்டர்னலாக, அதாவது தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரலாகத் தருவது. எல்ஸ் என்ற எக்ஸ்டர்னல் நூலகத்தில் ஏற்கெனவே ஒரு நாப் இருக்கிறது. பிடியின் நூலக இறக்கியான டெக்கன் வழியாக இறக்கிக்கொள்ளலாம். பேட்சைப் பெறுபவரிடம் நூலகம் இல்லையென்றால் அதே செத்த பெட்டி, அதே பாதுகாப்பு. சிக்கல் வேறு இடத்தில். பிடியின் முகம், அதாவது திரையில் தெரியும் பகுதி, டிக்கிள்-டிகே என்ற மொழியில் எழுதப்பட்டது. எக்ஸ்டர்னலும் அந்த மொழியில்தான் 'இங்கே கோடு போடு' என்கிறது. முகத்தையே மாற்றிய பிடி வகைகளான பர் டேட்டாவும் பிளக்டேட்டாவும் இதைத் தாங்களே மீண்டும் வரைய வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தொகுக்க வேண்டும். இருக்கிற பெட்டிகளை வைத்தே அப்ஸ்ட்ராக்‌ஷனாக (வேறு பேட்சுக்குள் ஒரு பெட்டியாகப் பயன்படும் பேட்சாக) கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நாப்பைப் பிடித்துத் திருகும் சுகம் வராது.

என் ஓட்டு: எக்ஸ்டர்னலாகச் சில காலம் வாழட்டும், அப்புறம் இரண்டாவது வழியில் மையத்துக்குள் வரட்டும். வரும்போது பெயரில் கவனம் வேண்டும். பிடி உள்ளே இருக்கும் பெயரைத்தான் முதலில் பார்க்கும்; கோப்புறையில் நீங்கள் வைத்திருக்கும் அதே பெயருள்ள அப்ஸ்ட்ராக்‌ஷனைத் தேடவே தேடாது. 'நாப்' என்ற பெயரை மையம் எடுத்துக்கொண்டால், சொந்தமாக ஒரு நாப் செய்து வைத்திருப்பவரின் பழைய பேட்ச் புதிய பதிப்பில் உடையும். நூலகப் பெயரை முன்னால் போட்டு எழுதியவர்கள் தப்பிப்பார்கள். புதிய வரி வகை தவிர்க்கவே முடியாது என்றால், அதைப் படிக்கும் திறனை மட்டும் முதலில் வெளியிட்டு, எழுதுவதைச் சில பதிப்புகள் தள்ளிப்போடலாம்.