கனடிய நாடாளுமன்றக் கேள்வி நேரம்: பார்ல்வியூ, ஓபன்பார்லிமென்ட் சேவைகள் குறித்த மதிப்புரை

கனடிய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து அமைச்சரை மடக்கிக் கேட்கும் காட்சி, இன்று பெரும்பாலானோருக்கு முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ துண்டுக் காணொளியாகத்தான் வந்து சேருகிறது. அதை வெட்டி அனுப்புவது பெரும்பாலும் கேள்வி கேட்டவரின் கட்சியே என்பதால், கேள்வி முழுமையாக இருக்கும். பதில் பாதியில் அறுந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆளுங்கட்சி பரப்பும் துண்டுகளில் கேள்விக்கு இதே கதி நேரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தாமே ஒரு முடிவுக்கு வர விரும்புகிறவர்களுக்கு உதவும் இரண்டு இலவசச் சேவைகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒன்று, மக்களவையே நடத்தும் பார்ல்வியூ என்னும் ஒளிபரப்புத் தளம். மற்றொன்று, அரசைச் சாராத தன்னார்வ முயற்சியான ஓபன்பார்லிமென்ட்.

பார்ல்வியூவைப் பார்க்கப் பணமோ கணக்கோ தேவையில்லை. அவை கூடும் நாள்களில், திங்கள் முதல் வியாழன் வரை ஒட்டாவா நேரப்படி பிற்பகல் 2.15 மணிக்கும், வெள்ளியன்று முற்பகல் 11.15 மணிக்கும் கேள்வி நேரம் தொடங்குகிறது. 45 நிமிடங்கள் நடக்கிறது. நேரலையைத் தவறவிட்டால் பதிவைப் பிறகு பார்க்கலாம். ஒலியை ஆங்கிலம், பிரெஞ்சு, அவையின் மூல ஒலி என மூன்று வகையில் தேர்ந்தெடுக்கலாம். என் பரிந்துரை மூல ஒலிதான். மொழிபெயர்ப்பாளர்கள் மிகத் திறமையானவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிளாக் கியூபெக்குவா கட்சித் தலைவர் இவ்-பிரான்சுவா பிளான்ஷே பிரெஞ்சில் கேட்கும் கூர்மையான கேள்வி, மொழிபெயர்ப்பாளரின் நிதானமான குரலில் வரும்போது அதன் சூடு தணிந்துவிடுகிறது. பதில் சொல்லும் அமைச்சரின் தடுமாற்றமும் மறைந்துவிடுகிறது.

காணொளியை முழுமையாகப் பார்ப்பதன் பயனுக்கு 2024 ஏப்ரல் 30 நல்ல சான்று. அன்று எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியேவ், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் போதைப்பொருள் கொள்கை தொடர்பாகப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவைக் கிறுக்குத்தனமானவர் என்ற பொருளில் சாடினார். சபாநாயகர் கிரெக் பெர்கஸ் பலமுறை கேட்டும் அந்தச் சொல்லை நிபந்தனையின்றித் திரும்பப் பெற மறுத்ததால் அன்றைய நாள் முழுவதற்கும் வெளியேற்றப்பட்டார். பரவிய துண்டுகளில் சிலவற்றில் அந்தச் சொல் மட்டும் இருந்தது. சிலவற்றில் வெளியேற்றம் மட்டும் இருந்தது. அதற்கு முன் பிரதமர், பொலியேவ் தீவிர வலதுசாரிகளோடு உறவாடுவதாகக் குற்றம் சாட்டியதையும், திரும்பப் பெறச் சொன்னபோது பொலியேவ் வேறு கடுஞ்சொற்களை மாற்றாகத் தர முன்வந்ததையும் வரிசையாகப் பார்க்கும்போதுதான், சபாநாயகரின் முடிவு சரியா என்று நாமே எடைபோட முடிகிறது.

இருப்பினும் பார்ல்வியூ காட்டாதவையும் உண்டு. பேச அழைக்கப்பட்டவரின் ஒலிவாங்கி மட்டுமே திறந்திருப்பதால், எதிர்வரிசையின் கூச்சல் ஓர் இரைச்சலாக மட்டுமே கேட்கிறது. யார் என்ன சொன்னார் என்பது தெரிவதில்லை. அவையில் பேசப்படுவதை எழுத்தில் தரும் அதிகாரபூர்வ ஹன்சார்ட் பதிவேடும் அந்த இடத்தில் 'சில மாண்புமிகு உறுப்பினர்கள்: ஓ, ஓ!' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது.

என் கருத்தில், எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வியை எடைபோடக் காணொளியைவிட எழுத்துப் பதிவே ஏற்றது. 1997 முதல் கேள்விக்கு 35 விநாடி, பதிலுக்கு 35 விநாடி என்பது நடைமுறை. கேள்வியை முன்கூட்டியே அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவருக்குப் பதிலாக வேறோர் அமைச்சர் எழலாம். பதிலின் தரத்தைப் பற்றிச் சபாநாயகர் எதுவும் சொல்ல இயலாது. இவ்வளவு குறுகிய நேரத்தில் குரலும் கைதட்டலும் நம் காதை நிறைத்துவிடுவதால், கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வாசிக்கும்போது அந்த மழுப்பல் மறைய இடமில்லை.

ஓபன்பார்லிமென்ட் சிறந்து நிற்பது இங்கேதான். 1994 முதலான ஹன்சார்ட் உரைகளை ஓர் உரையாடலைப் போல, பேசியவரின் படத்தோடு அடுத்தடுத்து அமைத்திருக்கிறது. பெயராலும் சொல்லாலும் தேட விடுகிறது. 2014 செப்டம்பர் 23 என்ற தேதியைத் திறந்து பாருங்கள். புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரும் அன்றைய எதிர்க்கட்சித் தலைவருமான தாமஸ் மல்கேர், ஈராக்கில் கனடியப் படையினரின் பணி எப்போது முடியும் என்று கேட்கிறார். பிரதமரின் நாடாளுமன்றச் செயலாளர் போல் கலண்ட்ரா எழுந்து, இஸ்ரேல் தொடர்பாக மல்கேரின் கட்சியைச் சேர்ந்த ஒருவர் சொன்னதைப் பற்றிப் பேசுகிறார். மல்கேர் மீண்டும் கேட்கிறார்; மீண்டும் அதே பதில். பொறுமையிழந்த மல்கேர் சபாநாயகர் ஆண்ட்ரூ ஷீரின் நடுநிலையையே கேள்விக்குள்ளாக்க, அவருடைய மீதிக் கேள்விகளுக்கு வாய்ப்பு மறுக்கப்படுகிறது. மூன்று நாள் கழித்துக் கலண்ட்ரா அவையில் கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டார். பதிலளிக்கும் கடமை விதியில் இல்லாதபோது ஓர் எதிர்க்கட்சித் தலைவர் எவ்வளவு கையறு நிலையில் நிற்கிறார் என்பதை அந்தச் சில வரிகள் காட்டும் அளவுக்கு எந்தக் கட்டுரையும் எனக்குக் காட்டியதில்லை.

அதே மல்கேரின் வெற்றியையும் இத்தளத்தில் காணலாம். செனட்டர் மைக் டஃபியின் செலவுக் கணக்கு விவகாரத்தில், பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் தலைமை அலுவலர் நைஜல் ரைட் தன் சொந்தப் பணத்தில் 90,000 டொலருக்கு மேல் காசோலை கொடுத்தது 2013இல் வெளிவந்தது. மல்கேர் முன்னுரையைக் கைவிட்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரைப் போல ஒரே வரியில் கேட்கத் தொடங்கினார். காசோலை கொடுக்கும் முடிவு தமக்கோ தம் அலுவலகத்தினருக்கோ தெரிவிக்கப்படவில்லை என்று ஜூன் 5 அன்று சொன்ன ஹார்ப்பர், ரைட் மிகச் சிலரிடம் சொல்லியிருந்தார் என்று அக்டோபரில் ஒப்புக்கொண்டார். (டஃபி மீதான 31 குற்றச்சாட்டுகளிலிருந்தும் 2016இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) இரு பதில்களையும் அருகருகே வைத்து வாசிக்கும் வசதி முன்பு செய்தியாளருக்கும் ஆய்வாளருக்கும் மட்டுமே எளிதாக வாய்த்தது, இப்போது வீட்டிலிருந்தே எவரும் செய்யலாம்.

குறிப்பிட்ட உறுப்பினர் பேசும்போது, அல்லது நாம் தரும் சொல் அவையில் ஒலிக்கும்போது, மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் உண்டு. தமிழ் வாசகர்கள் தொடங்குவதற்குப் பொருத்தமான பெயர்கள் இரண்டைச் சொல்கிறேன். கனடிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் தமிழரான ராதிகா சிற்சபைஈசன், 2011 முதல் 2015 வரை எதிர்வரிசையில் அமர்ந்து அமைச்சர்களைக் கேட்டவர். 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரான கரி ஆனந்தசங்கரியோ, துப்பாக்கிகளை அரசு திரும்ப வாங்கும் திட்டம் குறித்துக் கன்சர்வேடிவ் உறுப்பினர்களின் கடுமையான கேள்விகளுக்கு மறுமொழி சொல்லும் இடத்தில் இருந்தவர். கேட்கும் இருக்கை, பதில் சொல்லும் இருக்கை என இரண்டிலும் நம்மவர்களை நாம் ஒரே அளவுகோலால் அளக்கிறோமா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இரு சேவைகளிலும் எனக்குள்ள பெரிய மனக்குறை, கேள்வி நேரம் முடிந்த பிறகு அக்கேள்விக்கு என்ன ஆகிறது என்பதைத் தொடர்வது கடினம் என்பதே. பதிலில் நிறைவடையாத உறுப்பினர் அதே பொருளை அவை கலையும் வேளை விவாதத்தில் மீண்டும் எழுப்பலாம். அவருக்கு 4 நிமிடம், அரசுத் தரப்புக்கு 4 நிமிடம், பிறகு இருவருக்கும் ஒவ்வொரு நிமிடம். 35 விநாடியில் சொல்ல முடியாத விவரங்கள் அங்கேதான் வெளிவருகின்றன. ஆனால் முதல் கேள்வியின் கீழ் அந்த விவாதத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்திருந்தால் எவ்வளவு பேருதவியாக இருக்கும்! எழுத்துமூலக் கேள்விகளின் நிலை இன்னும் மோசம். 45 நாளுக்குள் பதில் கோரி ஓர் உறுப்பினர் விரிவாகக் கேட்ட கேள்விக்கான பதில் பல வேளைகளில் ஹன்சார்டில் இருக்காது.  அதைத் தனியே தேட வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரை ஓபன்பார்லிமென்டில் பதிந்து மின்னஞ்சல் பெறுங்கள். எழுத்தில் வாசித்த கேள்வி ஏதேனும் மனத்தைத் தைத்தால், அந்த நாளின் பதிவை மட்டும் பார்ல்வியூவில் திறந்து அதே இடத்தைப் பாருங்கள். ஹன்சார்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் குறித்திருப்பதால், காணொளியில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது.